பூச்சிக்குச் சிலை வைத்த ஊர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவர் "நன்றி மறவாத ஊர் எது?" என்று கேட்டிருந்தார். "அலபாமாவில் எண்டர்பிரைஸ். பயிரைத் தின்ற வண்டுக்கே சிலை வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விட்டார்களா? கடிதம் கடிதமாக வந்து மேஜையில் கிடக்கிறது. நம்பாதவர்கள் பாதி, அலபாமா எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் மீதி. அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியாவுக்கும் மிசிசிப்பிக்கும் நடுவில் இருக்கும் மாநிலம் அது. இந்த இதழ் முழுக்க அந்த ஊர் விவசாயம்தான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டி வாசகர்: பூச்சிக்குச் சிலையா? நாங்கள் காய்ப்புழுவுக்கு மருந்தடித்தே கடனாளி ஆனவர்கள். கதை விடாதீர்கள்.

கதை இல்லை சார். ஆனால் உங்கள் எதிரி காய்ப்புழு, அவர்களுடையது கூன்வண்டு. நம் ஊரில் கிடையாது, அந்த மட்டும் புண்ணியம். கால் அங்குலம்தான் இருக்கும், உடம்பில் பாதி நீளத்துக்கு மூக்கு. பருத்தி சப்பை, அதாவது மொட்டு, வைக்கும் நேரம் பார்த்து அந்த மூக்கால் சப்பையைத் துளைத்து முட்டையை உள்ளே வைத்துவிடும். புழு உள்ளேயே இருந்து தின்னும், சப்பை மஞ்சளடித்து வாய் பிளந்து உதிர்ந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் செடி பச்சைப்பசேலென்று நிற்கும், கிட்டே போனால் காலடியில் சப்பையாகக் கொட்டிக் கிடக்கும். அந்தக் காட்சி எப்படி வயிற்றைக் கலக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மெக்சிகோவிலிருந்து 1892 வாக்கில் டெக்சஸுக்குள் நுழைந்த வண்டு, வருடத்துக்குக் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்து 1910-ல் அலபாமாவுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த சில வருடங்களில் தென்கிழக்கு மூலையில், எண்டர்பிரைஸ் இருக்கும் காபி கவுண்டியைக் காலி செய்தது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. (குடிக்கிற காபிக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஜான் காபி என்ற தளபதியின் பெயர். அவர் இன்னும் கொஞ்சம் கீழே வருவார்.) பருத்தியை விட்டால் வேறு பயிர் தெரியாது, வேறு பயிருக்குக் கடன் கொடுக்கவும் ஆள் இல்லை. 1916-ல் எச். எம். செஷன்ஸ் என்ற உள்ளூர் வியாபாரி, கடனில் மூழ்கிக் கிடந்த சி. டபிள்யூ. பாஸ்டன் என்ற விவசாயியைப் பிடித்து, நிலக்கடலை போடு, நான் இருக்கிறேன் என்று தைரியம் கொடுத்தார். ஒரே மகசூலில் பாஸ்டனின் கடன் அடைந்து கையில் காசும் மிஞ்சியது. பக்கத்து வயல்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நாட்டிலேயே கடலையில் முதல் கவுண்டி அதுதான்.

பருத்தியை விட்டுக் கடலைக்குத் துரத்திய வண்டுக்கு நன்றியாக 1919 டிசம்பர் 11-ல் ஊர் நடுவே சிலையைத் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், முதலில் வைத்த சிலையில் வண்டே இல்லை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கிய ஒரு பெண், அவ்வளவுதான். 30 வருடம் கழித்து, 1949-ல்தான் அவள் கையில் ஒரு வண்டை ஏற்றினார்கள். அதற்கப்புறம் வண்டை அடிக்கடி யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது நடுத்தெருவில் நிற்பது நகல், அசல் மியூசியத்தில். நிஜ வண்டு? அதை அரசும் விவசாயிகளும் சேர்ந்து பல வருடம் பாடுபட்டு மாநிலத்தை விட்டே ஒழித்துவிட்டார்கள். சிலையில் இருப்பது மட்டும்தான் பாக்கி.

எனக்கு இந்தக் கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. எல்லாரும் வண்டைப் பற்றியும் கடலையைப் பற்றியும் பேசுகிறார்கள். கடன் கொடுக்கிறவர் மனது மாறியதால்தான் பயிரே மாறியது என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அலபாமாவின் விவசாயக் கதையில் வயலைவிடக் கணக்கு நோட்டுக்குத்தான் வேலை அதிகம். கீழே பாருங்கள்.

மாண்ட்கோமரி, அலபாமாவிலிருந்து ஒரு வாசகர்: இங்கே கார் தொழிற்சாலையில் வேலை. நெடுஞ்சாலை 80-ல் செல்மா பக்கம் போகும்போது மண் நம் கரிசல் மாதிரியே கறுப்பாக இருக்கிறது. ஆனால் பருத்தியைக் காணோம், மாடுதான் மேய்கிறது. ஏன்?

நல்ல கண் உங்களுக்கு. அந்தப் பட்டைக்கே பிளாக் பெல்ட் என்று பெயர். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. அது விட்டுப்போன சுண்ணாம்புப் படிவத்தின் மேல் உண்டான மண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கும், வெயிலில் வெடிக்கும். கரிசல்காரருக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை.

அந்த மண்ணில் முதலில் மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் விளைவித்தவர்கள் பூர்வகுடிகள். அலபாமாவின் நடுப்பகுதி பெரும்பாலும் க்ரீக் மக்களுடைய நாடு. 1814 மார்ச்சில் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில் ஆண்ட்ரூ ஜாக்சனின் படை அவர்களைத் தோற்கடித்தது. அதில் ஒரு பகுதியை நடத்தியவர்தான் நம் ஜான் காபி. அதே வருடம் ஆகஸ்டில் போட்ட ஒப்பந்தத்தில் 2 கோடி ஏக்கருக்கு மேல் கைமாறியது. 5 வருடத்தில், 1819-ல், அலபாமா தனி மாநிலம். மிச்சமிருந்த பூர்வகுடிகளையும் 1830-களில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்திவிட்டார்கள். வண்டுச் சிலை நிற்கிற கவுண்டிக்கு அந்தத் தளபதியின் பெயர் வந்தது இப்படித்தான்.

அப்புறம் பருத்தி. அந்த ஊரில் விளையும் பருத்தியில் பஞ்சு கொட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், கையால் பிரித்தால் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு பவுண்டு தேறுவது கஷ்டம். 1793-ல் ஈலை விட்னி ஜின்னிங் இயந்திரம் செய்தார். அரவை சுலபமானதும் எவ்வளவு விளைந்தாலும் போதாது என்றானது. களையெடுக்கவும் பஞ்செடுக்கவும் கை வேண்டுமே, அந்தக் கைகளை விலைக்கு வாங்கினார்கள். 1860 கணக்கெடுப்பில் அலபாமாவின் மக்கள்தொகை 9,64,201. அதில் அடிமைகள் 4,35,080 பேர். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரக் கூடாது என்று 1808-லேயே சட்டம் இருந்தும், அதே 1860-ல் க்ளோட்டில்டா என்ற கப்பல் 110 பேரைத் திருட்டுத்தனமாக மொபீலுக்கு ஏற்றி வந்தது; தடயம் தெரியாமலிருக்கக் கப்பலைக் கொளுத்தி மூழ்கடித்தார்கள். ஆற்றடியில் கிடைத்த சிதைவு அந்தக் கப்பல்தான் என்று 2019-ல்தான் உறுதியானது. அதில் வந்தவர்கள் பின்னாளில் தாங்களே காசு சேர்த்து நிலம் வாங்கி உண்டாக்கிய ஆப்பிரிக்காடவுன் இன்றும் மொபீல் பக்கத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள்.

பருத்தி எங்கே போனது என்றுதானே கேட்டீர்கள். பருத்திக்குப் பின் பருத்தி போட்டு மண் சத்து போனது, மேல்மண் அடித்துக்கொண்டு போனது, வண்டு வந்தது, விலை விழுந்தது, பஞ்செடுக்க மெஷின் வந்தது. இப்போது பருத்தி பார்க்க வேண்டுமானால் வடக்கே டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கு பக்கம் போக வேண்டும். உங்கள் கறுப்பு மண்ணில் மாடும் பைன் மரமும், கொஞ்சம் மேற்கே கெளுத்தி மீன் குளங்களும். செருப்பைப் பிடுங்கிய அதே களிமண் தண்ணீரைக் கீழே விடாமல் தாங்கும், குளம் வெட்ட அதைவிட என்ன வேண்டும்?

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பீனட் பட்டரைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்தானே? பொது அறிவுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது.

இல்லை. புத்தகத்தை மாற்றுங்கள்.

அவர் செய்தது அதைவிடப் பெரிது. அடிமையாகப் பிறந்து, படித்து, 1896-ல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின மக்களுக்காக நடந்த கல்விக்கூடத்துக்கு அதன் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் கூப்பிட்டு வந்தவர். சுற்றிலும் பருத்தி போட்டுப் போட்டு மலடான மண். அதை உழுகிறவர்களிடம் உரம் வாங்கக் காசு கிடையாது. காசில்லாமல் மண்ணைத் தேற்றுவது எப்படி என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. காராமணி போடு, கடலை போடு, சர்க்கரைவள்ளி போடு, இலைதழையை மக்கவிடு. கடலை போட்டால் வேர்முடிச்சு தழைச்சத்தைச் சேர்க்கும், சரி, விளைந்ததை யார் வாங்குவது? வீட்டிலேயே சாப்பிடுங்கள் என்று 1916-ல் 105 விதமான கடலைச் சமையல் குறிப்போடு ஒரு சிறுவெளியீடு போட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 1906-லேயே ஒரு வண்டியில் கலப்பையும் விதையும் ஏற்றி, கோவேறு கழுதை பூட்டி ஊர் ஊராக அனுப்பினார்கள். கிராமத்துக்கே போகும் பள்ளிக்கூடம்.

அவர் வந்த அதே 1896-ல், பக்கத்தில் ஆபர்னில் ஜே. எஃப். டகர் என்ற பேராசிரியர் ஒரு ஏக்கர் நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒன்றில் பருத்திக்குப் பின் பருத்தி, இன்னொன்றில் இடையில் பயறுவகை என்று போட ஆரம்பித்தார். அந்தச் சோதனை இன்றுவரை நிற்காமல் நடக்கிறது; உலகிலேயே இவ்வளவு காலம் தொடரும் பருத்திச் சோதனை வேறில்லை. பயறு போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் உள்ள வித்தியாசம் விவசாயம் தெரியாதவர் கண்ணுக்கும் தெரியும்.

தஞ்சாவூர் வாசகர்: 1865-ல் அடிமை முறை ஒழிந்ததே, அப்புறமும் ஏன் கறுப்பின மக்கள் நிலமில்லாமல் இருந்தார்கள்? எங்கள் பக்கத்துப் பண்ணையாள் கதை மாதிரி இருக்கிறதே.

மாதிரிதான். ஆனால் அங்கே கட்டிப்போட்டது கணக்கு நோட்டு.

விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. ஆளுக்கு 40 ஏக்கர் என்ற பேச்சு ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரம் கொஞ்சம் நடந்து, அதையும் அதே வருடம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அலபாமாவில் நிலம் பழைய கைகளிலேயே நின்றது. நிலக்காரரிடம் கூலி கொடுக்கக் காசில்லை, உழைக்கிறவரிடம் நிலமில்லை, அதனால் வாரச் சாகுபடி. நிலம், கோவேறு கழுதை, கலப்பை, விதை எல்லாம் முதலாளியுடையது, விளைச்சலில் சரிபாதி அவருக்கு. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது?

விதைப்பிலிருந்து அறுவடை வரை வயிறு என்ன செய்யும்? அதற்குத்தான் கடை. மாவு, உப்புப்பன்றி, மொலாசஸ், செருப்பு எல்லாம் கடன். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை, அதற்கு மேல் வட்டி. அடமானம் எது? இன்னும் முளைக்காத பருத்தி. அதனால் பருத்தி மட்டும்தான் போட வேண்டும், சோளம் போட்டால் கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

புரிவதற்காக நானே ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு குடும்பம் 4 பேல், அதாவது பஞ்சுப் பொதி, எடுத்தது என்று வையுங்கள், பேலுக்கு 500 பவுண்டு. 2 பேல் நிலக்காரருக்கு. மீதி 1,000 பவுண்டு. 1931-ல் பஞ்சு விலை பவுண்டுக்கு 6 சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. 6 என்றே வைத்தாலும் 60 டாலர், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு வருட உழைப்பு. டிசம்பரில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் நிற்கிறார். முதலாளி பேரேட்டைப் புரட்டி, "கடைக் கணக்கு 72 டாலர்ப்பா, 12 டாலர் நிற்குது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்கிறார். நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்க முடியாது, கேட்டால் பொய்யனா நான் என்று ஆகிவிடும், அப்படி ஆனால் அந்த ஊரில் உயிருக்கு உத்தரவாதமில்லை. பாக்கி வைத்துவிட்டு ஊரை விட்டுப் போகவும் முடியாது. எங்கள் தாத்தா மண்டிக்குப் போய்விட்டு வந்த அன்று யாரோடும் பேச மாட்டார் என்று அம்மா சொல்வார். அது இவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அந்த முகம் எனக்குத் தெரிகிறது.

வெள்ளைக்காரர்களிலும் வாரக்காரர்கள் ஏராளம், அதையும் சொல்ல வேண்டும். 1930 வாக்கில் மாநிலத்தின் பண்ணைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. 1931-ல் டல்லபூசா கவுண்டியில் கறுப்பின வாரக்காரர்கள் சங்கம் கட்டினார்கள். கேட்டவற்றுள் ஒன்று, வீட்டை ஒட்டிச் சொந்தமாகக் காய்கறித் தோட்டம் போட அனுமதி. அதற்குப் பதிலாக வந்தது துப்பாக்கிச் சூடு.

1933-ல் அரசாங்கம் விலையைத் தூக்குவதற்காக, நிற்கிற பருத்தியை உழுது அழித்தால் பணம் என்றது. சால் நடுவே செடியை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் செடி மேல் ஏற மறுத்து நின்றுவிட்டன என்று சொல்வார்கள். பணம் பெரும்பாலும் நிலக்காரர் கைக்குப் போனது. பயிர் குறைந்ததும் வாரக்காரர் எதற்கு என்று கிளப்பியும் விட்டார்கள். டெட்ராய்ட், சிகாகோ என்று ரயிலேறியவர்கள் பலர்.

மாண்ட்கோமரி வாசகருக்கும் இதில் ஒன்று உண்டு. நீங்கள் போகும் அந்த நெடுஞ்சாலை 80 லௌண்ட்ஸ் கவுண்டி வழியாகப் போகிறது. 1965-ல் அங்கே வாக்காளராகப் பதிவு செய்த கறுப்பின வாரக்காரர்களை நிலக்காரர்கள் வீட்டை விட்டு வெளியேற்ற, அவர்கள் அதே சாலையோரம் கூடாரம் போட்டுக் குளிரில் குடியிருந்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவு மையம் இருக்கிறது, இடதுபக்கமோ வலதுபக்கமோ, நீங்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து.

கரூர் வாசகி: ஏற்றுமதிக்குப் படுக்கை விரிப்பு தைக்கும் கம்பெனியில் இருக்கிறேன். "ஜீஸ் பெண்ட் டிசைன்" என்று ஒரு மாதிரி காட்டினார்கள், கோணல்மாணலாக இருந்தது. இது விவசாயக் கேள்வி இல்லை, இருந்தாலும் அலபாமா என்றீர்களே?

அம்மா, இதைவிட விவசாயக் கேள்வி இந்த மூட்டையில் வேறில்லை.

அலபாமா ஆறு ஒரு இடத்தில் வளைந்து மூன்று பக்கமும் சுற்றிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஊர் ஜீஸ் பெண்ட். ஜோசப் ஜீ என்பவரின் பருத்திப் பண்ணை, 1845-ல் மார்க் பெட்வே என்பவர் கைக்கு வந்தது. அடிமைகளுக்கும் அவர் பெயரே. இன்றும் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு பெட்வே. விடுதலைக்குப் பின் எல்லாரும் அதே நிலத்தில் வாரக்காரர்கள்.

1932-ல் அவர்களுக்குக் கடன் கொடுத்து வந்த கடைக்காரர் இறந்துவிட, அவர் குடும்பத்தார் பாக்கிக்காக வீடு வீடாகப் புகுந்து மாடு, கோவேறு கழுதை, கலப்பை, கோழி, விதைச்சோளம் வரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்க ரேஷனை வைத்துத் தாண்டினார்கள். பிறகு நடந்ததுதான் அபூர்வம். 1937-ல் மத்திய அரசு அந்த நிலத்தை விலைக்கு வாங்கி, வீடு கட்டி, நீண்டகாலத் தவணையில் அங்கேயே உழைத்த குடும்பங்களுக்கு விற்றது. 1965-ல் மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசியபோது, இவர்கள் ஆற்றைக் கடந்து வாக்காளர் பதிவுக்குப் போகத் துணிந்ததற்கு ஒரு காரணம், நில உரிமை பலருக்குக் கையில் இருந்தது. நிலமுள்ளவரைக் கூடாரத்துக்குத் துரத்த முடியாதே. வேறு வழியில் மடக்கினார்கள்: 1962-லேயே ஆற்றைக் கடக்கும் படகு நின்றுபோயிருந்தது. கண்ணுக்கெதிரே தெரியும் அக்கரைக்குச் சாலையில் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம். படகு திரும்ப ஓடியது 2006-ல். 44 வருடம்!

இப்போது உங்கள் கோணல்மாணல். கூரைச் சந்தில் காற்று வரும் வீடு, போர்த்திக்கொள்ள வேண்டும், துணி வாங்கக் காசில்லை. வயலில் போட்டுக் கிழிந்த பேண்ட், சட்டை, தீவன மூட்டைச் சாக்கு எல்லாவற்றையும் கிழித்துத் தைத்தார்கள். 1942-ல் மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த துக்கத்தில் அவருடைய வேலைத் துணிகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். வெயிலில் வெளுத்த நீலம் ஒரு பக்கம், ஒட்டுத்துணி மறைத்ததால் வெளுக்காமல் போன இடம் ஒரு பக்கம். நேர்கோடு வராதது கால்சட்டையின் காலுக்கு நேர்கோடு கிடையாது என்பதால். 2002-ல் ஹூஸ்டன் மியூசியத்தில் அந்த ஊர்ப் போர்வைகளைச் சுவரில் மாட்டியபோது, நவீன ஓவியம் என்றார்கள் விமர்சகர்கள். 2006-ல் தபால்தலைகூட வந்தது. உங்கள் மாதிரியில் அந்தக் கோணலை மெஷின் நேராக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகி: அங்கே நம் காய்கறி எதுவும் விளையுமா?

வெண்டைக்காய். அமெரிக்கத் தெற்கில் அது இல்லாத சமையலறை கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்தது, மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். தட்டைப்பயறும் அப்படி வந்ததுதான். புத்தாண்டு அன்று அதைச் சாப்பிட்டால் வருடம் முழுக்கக் காசு புழங்கும் என்று நம்பிக்கை.

கோயம்புத்தூர் வாசகர்: நம் பருத்திக்கும் அந்த ஊர்ப் பருத்திக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. உங்கள் ஊரிலேயே 1840-களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவில் அமெரிக்கப் பருத்தியைப் போட்டுப் பார்த்து வருடக்கணக்கில் அல்லாடினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861-லிருந்து, தெற்குத் துறைமுகங்களை வடக்குப் படை மறித்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பஞ்சில்லாமல் நின்றன, இந்தியப் பருத்தி விலை தலைகால் தெரியாமல் ஏறியது. போர் முடிந்தது, விலை பொத்தென்று விழுந்தது. நடுவில் கடன் வாங்கிப் பருத்தி போட்டவர் கதி என்னவென்று கேட்காதீர்கள்.

பல்லடம் வாசகர்: எங்களுக்கு இருப்பது ஒரே தொழில், பிராய்லர். அதைப் பற்றி ஏதாவது?

உங்களுக்குத்தான் அலபாமா சொந்த ஊர் மாதிரி இருக்கும். பருத்தி போன இடத்தில் இன்று முதல் வருமானம் கோழிதான். வருடத்துக்கு 100 கோடிக்கு மேல் பிராய்லர். முறையும் உங்களுடையதுதான்: குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது, ஷெட்டும் கரண்ட் பில்லும் பேங்க் கடனும் பண்ணைக்காரருடையது, கோழி எடை போட்டதும் கணக்குப் போட்டுக் கூலி. ஒரு பேட்ச் முடிந்து அடுத்த குஞ்சு எப்போது இறங்கும் என்பது கம்பெனி கையில். மேலே தஞ்சாவூர்க்காரருக்கு எழுதிய பதிலை நீங்களும் ஒருமுறை படியுங்கள், கோபம் வந்தால் எனக்குக் கடிதம் போடுங்கள்.

மறுபடியும் மாண்ட்கோமரி வாசகர், அடியில் பின்குறிப்பாக: இங்கே சாலையோரம் "பாயில்டு பீனட்ஸ்" என்று பலகை வைத்து விற்கிறார்கள். சாப்பிடலாமா?

சாப்பிடாமல் ஊர் திரும்பாதீர்கள். பச்சைக்கடலையைத் தோலோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் வேகவிட்டது. நம் அவித்த கடலையைவிடக் குழைவாக, உப்பு தூக்கலாக இருக்கும். ஓட்டைக் கடித்ததும் உள்ளேயிருந்து சூடான தண்ணீர் சட்டையில் தெறிக்கும், ஆபீஸ் சட்டையோடு போகாதீர்கள். நவம்பரில் டோத்தன் ஊரில் 1938-லிருந்து நடக்கும் கடலைத் திருவிழாவுக்குப் போனால் இன்னும் விசேஷம். முதல் வருட விழாவுக்கு வந்து பேசியவர் கார்வர்.